பனோரமாவில் ஒரு வீடு காணாமல் போனால்: ஒட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. பன்னிரண்டு கதவு. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே பிறந்து வளர்ந்த சிலர் முழு வரிசையையும் ஒரே படமாக எடுத்துத் தரச் சொன்னார்கள். லயத்துக்கு நேரே நின்று, நாலு எட்டு நகர்ந்து ஒரு படம், மறுபடி நாலு எட்டு நகர்ந்து ஒரு படம் என்று எடுத்தேன். கணினியில் ஒரே நீளப் படமாக, பனோரமாவாக ஒட்டி, நாலடி நீளத்துக்கு அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் படத்தின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிக் கதவில் விரல் நின்றது. "தம்பி, எங்க வீட்ட காணோமேப்பா" என்றார்.

நானும் எண்ணினேன். பதினொன்றுதான். படத்தில் எங்கும் கிழிசல் இல்லை, கோடு இல்லை. அவர் வீட்டுக் கதவின் இடது பாதியும் அடுத்த வீட்டுக் கதவின் வலது பாதியும் சேர்ந்து ஒரே கதவாகியிருந்தன. பார்வைக்கு அத்தனை சுத்தமாக ஒட்டியிருந்ததால் நான் கவனிக்கவே இல்லை.

நல்லவேளை, தனித்தனிப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தேன். லயம் இப்போது இல்லை. போய் மறுபடி எடுக்க முடியாது. தோட்டங்களைப் படமெடுக்கும் பலருக்கும் இதே நிலைமைதான். அதனால் 'அடுத்த முறை இப்படி எடுங்கள்' என்று மட்டும் சொல்லாமல், கையில் இருக்கும் படத்தை என்ன செய்து மீட்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது

ஒட்டும் மென்பொருள் செய்யும் வேலை மூன்று. இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைத் தேடும். அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி படங்களைத் திருப்பி, வளைத்து வைக்கும். பிறகு விளிம்புகளைக் கலந்து மறைக்கும். கனடாவில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003-இல் இதைத் தானாகச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பே 1998-இல் ஜெர்மனியின் ஹெல்முட் டெர்ஷ் எழுதிய பனோரமா டூல்ஸ்தான் இன்றைய ஒட்டு மென்பொருள்களான ஹியூகினுக்கும் பி.டி.குயிக்கும் அடித்தளம். ஹியூகின் இலவசம். நான் சொல்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். லைட்ரூம் மென்பொருளில் புள்ளிகளைக் கையால் வைக்க வழியில்லை, ஆகவே சிக்கலான படத்துக்கு அது உதவாது.

பிழையைப் பார்த்ததும் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒட்டு விழுந்த இடத்தில் தூரத்துப் பொருளையும் பக்கத்துப் பொருளையும் தனித்தனியாகப் பாருங்கள். தூரம் சரியாக இருந்து பக்கம் மட்டும் உடைந்திருந்தால், கேமரா நகர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே அளவுக்கு விலகியிருந்தால், புள்ளி தப்பு அல்லது லென்ஸ் கணக்கு தப்பு. எல்லாம் பொருந்தி நிறம் மட்டும் மாறினால் வெளிச்சம். ஒரே ஒரு பொருள் மட்டும் பாதியாக இருந்தால் அது அசைந்திருக்கிறது. எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தூரத்து மலை சரி, பக்கத்துக் கம்பம் இரண்டாகிவிட்டது

இதுதான் அதிகம் வருவது. இடமாறு தோற்றப்பிழை, பாரலாக்ஸ். ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள். கண்ணை மாற்றினால் விரல் தாவும், பின்னால் உள்ள சுவர் தாவாது. கேமராவைத் திருப்பும்போது லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலே படத்துக்குள் அதுதான் நடக்கிறது. நகர்ந்தபின் எந்த மென்பொருளாலும் கம்பத்தையும் மலையையும் ஒருசேரப் பொருத்த முடியாது.

எவ்வளவு விலகும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 24 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவுச் சென்சார், நீளப் பக்கம் 6000 பிக்சல். கேமராவைக் குத்தாகப் பிடித்து, படத்துக்குப் படம் 24 பாகை திருப்பினால் 15 படங்களில் ஒரு சுற்று முடியும். லென்ஸின் சுழல் மையம் (எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பினால் இந்தப் பிழை வராதோ அது) டிரைபாட் திருகுக்கு 8 செ.மீ. முன்னால் இருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுமார் 3.3 செ.மீ. இடம் மாறும். மலையோடு ஒப்பிட்டால் 1 மீட்டர் தூரத்துக் கம்பம் ஏறத்தாழ 200 பிக்சல் விலகும். 20 மீட்டரில் நிற்கும் பால்மரம் (ரப்பர் மரம்) 10 பிக்சல். 100 மீட்டரில் உள்ள கூரை 2 பிக்சல். அதாவது திடலின் நடுவில் நின்று எடுத்தால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. அஞ்சடி வராந்தாவில் நின்று எடுத்தால் தப்பிக்க முடியாது. கைப்பேசியை 60 செ.மீ. நீட்டிப் பிடித்து உடம்போடு சுற்றினால் அதே 24 பாகைக்கு 25 செ.மீ. நகர்வு.

சுழல் மையத்தைக் கண்டுபிடிக்க வீட்டு வாசலே போதும். பலர் இதை 'நோடல் பாயிண்ட்' என்பார்கள். சரியாகச் சொன்னால் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை நமக்கு எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ, அந்த இடம். வராந்தாக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் தெரியும் ஸ்டோர் புகைக்கூண்டையும் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கேமராவை இடமும் வலமும் திருப்புங்கள். கம்பத்துக்குப் பின்னாலிருந்து புகைக்கூண்டு எட்டிப் பார்த்தால் மையம் சரியில்லை. கேமராவை டிரைபாட்மேல் பொருத்தும் சறுக்குச் சட்டத்தில் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி திருப்புங்கள். எட்டிப் பார்ப்பது நின்ற இடத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸுக்கு ஒரு தடவை செய்தால் போதும். ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு குறி.

டிரைபாட் இல்லையென்றால் நூல். லென்ஸ் முனையில் ஒரு நூலைக் கட்டி, அடியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கல்லை வைத்து, நட்டு எப்போதும் கல்லுக்கு மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி வாருங்கள். கூச்சமாக இருக்கும், பிள்ளைகள் கூடிப் பார்ப்பார்கள், ஆனால் பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

சரி, ஏற்கெனவே எடுத்த படத்துக்கு? பக்கத்துப் பொருள்மேல் விழுந்த இணைப்புப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடுங்கள். தூரத்துப் புள்ளிகளை மட்டும் வைத்து மறுபடி பொருத்துங்கள். பிறகு, எந்தப் படத்தின் எந்தப் பகுதி வரவேண்டும், எது வரக்கூடாது என்று குறிக்கும் மாஸ்க் பகுதிக்குப் போய், கம்பம் ஒரு படத்திலிருந்து முழுதாக வரவேண்டும் என்று அதன்மேல் 'சேர்' மாஸ்க் வரையுங்கள். ஒட்டுக் கோடு கம்பத்தை விட்டு நகர்ந்து புல்லிலோ செம்மண்ணிலோ போய் விழும். புல்லில் 200 பிக்சல் தப்பு யாருக்கும் தெரியாது. சிமெண்டுப் படிக்கட்டில் 5 பிக்சல் தப்பும் தெரியும். ஆகவே கோடு எங்கே விழவேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு கதவு குறைகிறது, அல்லது ஒரு மரம் கூடுதலாக நிற்கிறது

பாட்டியின் வீடு போனது இப்படித்தான். லயத்தில் எல்லாக் கதவும் ஒரே அளவு, ஒரே பச்சை, ஒரே ஜன்னல். ஒன்பதாவது கதவைத் தாண்டியதும் சாமான் ஏற்ற ஒரு லாரி வந்து நின்றது. அதைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அங்கே இரண்டு படங்களுக்கும் பொதுவான பரப்பே இல்லாமல் போய்விட்டது. மென்பொருள் பொதுவானதைத் தேடியது, ஒன்பதாவது கதவும் பத்தாவது கதவும் ஒன்றுபோல் இருந்தன, ஒன்றென்றே எடுத்துக்கொண்டது. புள்ளிகளின் பிழை அளவும் குறைவாகவே காட்டியது. எண் நன்றாக இருந்ததால் நான் நம்பிவிட்டேன்.

செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) இது இன்னும் மோசம். மரங்களை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுவார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே தண்டு. மென்பொருள் ஒரு வரிசை தள்ளிப் பொருத்திவிடும். கூடவே மட்டைகள் காற்றில் ஆடும், அதில் விழுந்த புள்ளி எல்லாமே பொய்.

சோதிக்க ஒரே வழி எண்ணுவதுதான். கதவை எண்ணுங்கள், மரத்தை எண்ணுங்கள், கம்பத்தை எண்ணுங்கள். அப்புறம் ஹியூகினில் எஃப்3 அழுத்தினால் புள்ளிப் பட்டியல் வரும். அதில் பெரிய தூரம் காட்டுகிறவற்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சந்தேகப்படும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரு புள்ளி உண்மையிலேயே அதே கதவில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சரிசெய்ய, அந்த ஜோடியின் தானியங்கிப் புள்ளிகளை முழுக்க அழியுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் அடையாளங்களில் கையால் ஐந்தாறு புள்ளி வையுங்கள். சுவர் வெடிப்பு, பெயர்ந்த சுண்ணாம்பு, மின்மீட்டர் எண், மாவிலைத் தோரணத்தின் ஆணி, செருப்பு வைத்த கறை. செம்பனையில் தண்டைப் பிடித்து வளர்ந்திருக்கும் பெரணிச் செடி மரத்துக்கு மரம் வேறுபடும். புள்ளிகள் ஒரே மூலையில் குவியாமல் மேலும் கீழுமாகப் பரவட்டும்.

என் படத்தில் அந்த ஜோடிக்கு அப்படிப் பொதுவான இடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கூரை விளிம்பை வரிசை முழுக்க ஒரு கிடைமட்டக் கோடாக வைத்தேன். மற்றக் கதவுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அதே தூரத்தில் பத்தாவது கதவை நிறுத்தினேன். வீடு திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் லயத்தை எடுக்கப் போகும்போது சாக்பீஸ் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு வாசல் முன்பும் தரையில் 1, 2, 3 என்று எழுதிவிடுவேன். செம்பனை என்றால் நாலு மரத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு. அரை மணி நேர வேலை, பிறகு அவிழ்த்துவிடலாம்.

இப்படி நகர்ந்து நகர்ந்து எடுக்கும் முறையைப் பற்றி இன்னொன்று. இதில் கேமரா இடம் மாறுவதுதான் முறையே. சாதாரண ஒட்டு முறையில் போட்டால் படம் சிதறிப்போகும். X, Y, Z இட நகர்வையும் கணக்கிடச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு சமதளத்தில் உள்ளவை மட்டும் பொருந்தும். சுவரைப் பொருத்தினால் அதற்கு முன்னால் நிற்கும் வராந்தாத் தூண்கள் இரட்டையாகும், மாஸ்க்தான் மருந்து. 10 மீட்டர் தள்ளி நின்றால் மேலே சொன்ன லென்ஸுக்குள் குத்தாகச் சுமார் 6.5 மீட்டர் சுவர் விழும். 3 மீட்டருக்கு ஒரு படம் எடுங்கள். பாதிக்கு மேல் பொதுவாக இருக்கும், ஒரு படம் கெட்டாலும் அடுத்தது காப்பாற்றும்.

வானம் படிக்கட்டு மாதிரி இருக்கிறது

எக்ஸ்போஷர், அதாவது ஒளி அளவு, தானியங்கியில் இருந்திருக்கும். பால்மரக்காட்டுப் பக்கம் இருட்டு, திடல் பக்கம் வெளிச்சம். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானே மாற்றிக்கொண்டிருக்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். ஃபோகஸ் ஏன் என்றால், அது மாறும்போது பல லென்ஸ்களில் பார்வைக் கோணமும் லேசாக மாறும். எடுத்து முடித்த படத்துக்கு ஹியூகினில் ஒளி அளவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது. ரா கோப்பு (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) வைத்திருந்தால் எல்லாப் படத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் கொடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

வரிசையாக ஒவ்வொரு படத்தின் மூலையும் இருட்டாக, வானம் அலை அலையாகத் தெரிந்தால் அது லென்ஸின் விளிம்பு இருட்டு. ஒட்டும் முன் லென்ஸ் திருத்தத்தில் எடுத்துவிடலாம்.

வானத்தில் ஒரு பெரிய கருநீலப் பட்டை மட்டும் நின்றால் போலரைசர் ஃபில்டர். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி அது அதிகம் வேலை செய்யும். நம் ஊர் பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடும், பட்டையும் அடிவானத்தோடு படுத்துக்கொள்ளும். காலையும் மாலையும்தான் அது செங்குத்தாக வானத்தைப் பிளக்கும். நல்ல வெளிச்சம் வருவதோ அந்த நேரங்களில்தான். பனோரமாவுக்கு அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். எடுத்த பிறகு இதை முழுதாகச் சரிசெய்ய முடிந்ததே இல்லை எனக்கு.

மேகத்தில் விழுந்த புள்ளிகளையும் நம்பவேண்டாம். பேராக்கில் மத்தியான மழைக்கு முன் மேகம் ஓடும் வேகத்துக்கு, முதல் படத்து மேகம் நாலாவது படத்தில் வேறாக இருக்கும். ஹியூகினில் 'செலஸ்ட்' என்ற வசதி மேகப் புள்ளிகளைக் களைந்துவிடும்.

அடிவானம் பாம்பு மாதிரி நெளிகிறது

கேமரா கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்தபடி சுற்றியிருக்கிறது, எது மேல் பக்கம் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. 'நேராக்கு' பொத்தான் பாதி நேரம் போதும். போதவில்லை என்றால் உண்மையிலேயே செங்குத்தாக நிற்கும் ஒன்றைத் தேடி, அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் செங்குத்துக் கோட்டுப் புள்ளி வையுங்கள். சுற்றிலும் ஏறத்தாழ 90 பாகைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இடம் போதும். தோட்டத்தில் மின்கம்பமும் சாய்ந்திருக்கும், மரமும் சாய்ந்திருக்கும். கோயில் தூண், தண்ணீர்த் தொட்டியின் கால், பள்ளிக்கூடச் சுவர் மூலை ஆகியவற்றை நம்பலாம். ஈயம் தோண்டிய குட்டையின் கரையை அடிவானம் என்று நினைத்து நேராக்காதீர்கள். கரை உங்களை நோக்கி வளைந்து வருகிறது, படத்தில் வளைவாகத்தான் தெரிய வேண்டும்.

நேரான லயம் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது

இது பிழை இல்லை. நடுவில் நின்று இருபக்கமும் திருப்பி எடுத்ததை உருளை வடிவத்தில் விரித்தால் நேர்க்கோடு வளையும். நேர்கோட்டு வடிவத்துக்கு மாற்றினால் கோடுகள் நிமிரும், ஆனால் 120 பாகைக்கு மேல் போனால் ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். இரண்டுக்கும் நடுவே பனினி வடிவம் இருக்கிறது. தெரு, கட்டடம் எடுப்பவர்கள் முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாம். லயம் நேராகவே வேண்டுமென்றால் நகர்ந்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆட்கள் பாதியாக நிற்கிறார்கள்

மாரியம்மன் கோயில் திருவிழா. பால்குடம் வரிசையாக வருகிறது. ஒரு படத்தில் இருந்த அம்மா அடுத்த படத்தில் இரண்டடி முன்னால். ஒட்டியதில் குடம் இருக்கிறது, தூக்கியவர் இல்லை. இதற்கு எந்தப் படத்தில் ஆள் முழுதாக இருக்கிறாரோ அதில் 'சேர்' மாஸ்க், மற்றதில் 'நீக்கு' மாஸ்க். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் யாருடைய முகமும் பாதியாகப் போகாமல் பார்ப்பது நேரம் பிடிக்கும் வேலை. இரண்டு மணி நேரம் ஆனாலும் செய்யுங்கள். வேண்டுதலோடு வந்தவர்கள் அவர்கள். எடுக்கும்போது ஒரே கோணத்தில் மூன்று நான்கு படம் தட்டி வைத்தால் பிறகு தேர்ந்தெடுக்க வசதி.

மற்றவை

கைப்பேசியின் பனோரமா முறையில் பேருந்து குட்டையாகவோ ரயில் மாதிரி நீண்டோ வந்தால், அது ஓடிய திசைதான் காரணம். நீங்கள் திருப்பும் திசையிலேயே ஓடினால் நீளும், எதிரே வந்தால் குறுகும். கீற்றுக் கீற்றாக ஒட்டி முடித்த படத்தை மட்டும்தான் கைப்பேசி வைத்திருக்கும், ஆகவே மீட்க வழியில்லை. சாதாரணப் படங்களாகத் தனித்தனியே எடுங்கள்.

படத்தைப் போட்டதும் மென்பொருள் லென்ஸ் நீளம் கேட்டால், பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பில் வந்த படம். அங்கே தகவல் எல்லாம் கழன்று, அளவும் சுருங்கியிருக்கும். மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முழுச் சுற்று எடுத்தும் முதல் படமும் கடைசிப் படமும் சேரவில்லையா? அந்த ஜோடிக்கும் புள்ளி வைத்துச் சுற்றை மூடுங்கள். மூடிய சுற்று 360 பாகைதான் இருக்க முடியும், அதைக்கொண்டு மென்பொருள் உண்மையான பார்வைக் கோணத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.

எதைச் செய்தும் நிரம்பாத வெற்றிடம்

எடுக்காத இடம் எடுக்காததுதான். இப்போது ஃபோட்டோஷாப்பில் ஒரு பொத்தான் அழுத்தினால் வெற்றிடத்தில் சுவர் முளைத்துவிடும், புல் முளைத்துவிடும். வானத்தின் மூலைக்கும் தரைக்கும் நானும் அதைச் செய்திருக்கிறேன். லயத்துக்குச் செய்யமாட்டேன். அங்கே வாழ்ந்தவர்கள் கையில் கொடுக்கும் படத்தில், இல்லாத ஒரு சுவரை நான் கட்டக்கூடாது.

லாரி நின்ற இடத்தில், ஒன்பதாவது கதவுக்கும் பத்தாவது கதவுக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டே இரண்டாவது முறை அச்சடித்தேன். பாட்டி மறுபடி எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. பிறகு அந்த வெள்ளைமேல் விரலை வைத்து, "இங்கதான் தம்பி, தண்ணிப் பைப்பு இருந்துச்சு" என்றார். படத்தின் பின்பக்கம் பென்சிலால் அந்த இடத்தில் 'தண்ணீர்க் குழாய்' என்று எழுதிக் கொடுத்தேன்.